துண்டு மரத்தில் அடுக்குப் பேனை: புதிதாகத் தொடங்குபவர்கள் கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பு கல்லடியில் வீட்டின் பின்புறம் ஒரு கொட்டில் போட்டு மரப் பேனை செய்து வருகிறேன். தச்சுப் பட்டறைகளில் அடுப்புக்குப் போகவிருக்கும் துண்டுகள்தான் என் மரம். களுவாஞ்சிகுடி, கல்முனை, வாழைச்சேனை என்று பல பக்கங்களிலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, "இதை நானும் செய்யலாமா?" என்று கேட்கிறார்கள். செய்யலாம். அதற்குப் பிறகு அவர்கள் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இவை.

அடுக்குப் பேனை என்றால் என்ன?

நிறம் வேறான இரண்டு மூன்று மரங்களைப் பட்டைகளாக அறுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, சதுரக் கட்டையாக்கிக் கடைந்தெடுக்கும் பேனை. கட்டையின் நடுவே துளையிட்டுப் பித்தளைக் குழாயை உள்ளே ஒட்டுவோம். பிறகு கடைவோம். கடைசியாக முனை, கிளிப், சுழற்றும் பொறி மூன்றையும் குழாய்க்குள் அழுத்திப் பொருத்துவோம்.

லேத்தில், அதாவது கடைசல் இயந்திரத்தில்தான், பேனை உருவாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஒட்டும்போதே அது நல்ல பேனையா இல்லையா என்பது முடிவாகிவிடுகிறது. கணக்கைப் பாருங்கள். தொடக்கக்காரர்கள் வாங்கும் மெல்லிய பேனைக் கிட்டில் (குழாய், முனை, கிளிப், பொறி எல்லாம் சேர்ந்த பொதி) குழாயின் வெளி விட்டம் 7 மில்லிமீற்றர். பேனையின் நுனியில் மரத்தோடு சேர்ந்த விட்டம் ஏறக்குறைய 8.4 மில்லிமீற்றர். அதாவது குழாயைச் சுற்றி இருக்கும் மரம் 0.7 மில்லிமீற்றர்தான். தடித்த மட்டை ஒன்றின் கனம். அந்தக் கனத்துக்குள் இரண்டு மரங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒட்டில் முடியளவு இடைவெளி இருந்தாலும் அங்கேதான் பிரியும்.

துண்டு மரம் எங்கே கிடைக்கும்?

தளபாடம் செய்யும் எந்தப் பட்டறையிலும் கிடைக்கும். கட்டில் கால், கதவு நிலை, யன்னல் சட்டம் அறுத்த மிச்சத்தில் 15 சென்ரிமீற்றர் நீளமும் 2 சென்ரிமீற்றர் அகலமும் இருந்தால் அது உங்களுக்குப் போதும். அவர்களுக்கு அது விறகு. போய் மரியாதையாகக் கேளுங்கள். மேசையில் வேலை நடக்கும் நேரத்தில் போகாமல் தேநீர் நேரத்தில் போங்கள். முதல் பேனையைச் செய்து முடித்ததும் அந்த ஆசாரியாருக்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். நான் அப்படிச் செய்த நாளிலிருந்து ஓர் அண்ணன் நல்ல துண்டுகளைத் தனிச் சாக்கில் போட்டு வைக்கிறார்.

எந்த மரத்தோடு எதைச் சேர்ப்பது?

இரண்டு விஷயம் பாருங்கள்: நிறம், கடினம். நிறத்தை எல்லோரும் பார்ப்பார்கள், கடினத்தை மறந்துவிடுவார்கள். மென்மையான மரத்தையும் கடினமான மரத்தையும் அருகருகே ஒட்டி மணல்தாள் போட்டால் மென்மையானது சீக்கிரம் தேயும், கடினமானது மேடாக நிற்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் எழுதும் விரலுக்குத் தெரியும்.

முதல் பேனைக்குத் தேக்கும் மகோகனியும் போதும். இரண்டும் கத்திக்கு இணங்கும், எல்லாப் பட்டறையிலும் உண்டு. வெளிர் நிறம் வேண்டுமானால் இறப்பர் மரம். பூவரசின் வைரம் கருமை கலந்த கபிலம், வேம்பின் வைரம் சிவப்போடிய கபிலம். இரண்டையும் விறகென்று தள்ளிவிடுகிறார்கள், அது எனக்குப் பெரிய மனவருத்தம். முதிரையின் தங்க மினுக்கத்துக்கு ஈடு இல்லை. ஆனால் அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் தரும், முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் தொடாதீர்கள். பாலை மரம் இரும்பு மாதிரி. உளியை நன்றாகத் தீட்டப் பழகிய பிறகு அதற்குப் போகலாம்.

பலாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அறுத்த அன்று பளிச்சென்ற மஞ்சள். வெளிச்சம் படப் பட நாளடைவில் கபிலமாகிவிடும். தேக்கோடு பலாவை ஒட்டி, "என்ன அழகான மஞ்சள் கோடு" என்று மகிழ்ந்தால், சில வருடங்களில் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கிவிடும். பலா பிடிக்குமென்றால் பூவரசு போன்ற கருமையான மரத்தோடு சேருங்கள். கபிலமானாலும் வேறுபாடு நிற்கும்.

பனை மரத்தில் செய்யலாமா? எங்கள் வீட்டில் பழைய பனஞ்சலாகை கிடக்கிறது.

செய்யலாம், மிக அழகாக வரும். வெளிப்புற வைரத்தில் கறுப்பு நார்கள் நெருக்கமாக ஓடும். உள்ளே போகப் போகச் சோற்றிபோல மென்மையாகிவிடும். அந்த உள்பகுதியை எடுக்க வேண்டாம். நார் கடினம், நாருக்கு இடையில் உள்ள தசை மென்மை. அதனால் உளி பட்டதும் நார் சிலும்பி எழும். கொஞ்சம் கடைந்ததும் தண்ணீர் போன்ற மெல்லிய சூப்பர் குளூவை ஊற வையுங்கள். காய்ந்ததும் மறுபடி கடையுங்கள், மறுபடி ஊற வையுங்கள். நாலைந்து பேனை செய்து பழகிய பிறகு பனைக்கு வந்தால் மனம் நோகாது. தென்னைக்கும் இதே முறைதான்.

எந்த மரத்தைத் தொடக்கூடாது?

பழைய பெயின்ற் அடித்த மரத்தை உரசாதீர்கள். பழைய பெயின்ற்றில் ஈயம் இருக்கக்கூடும், அந்தத் தூள் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது. பழைய தண்டவாளக் குறுக்குக் கட்டை, மின்கம்பம் போன்றவற்றில் கிரியோசோட் என்ற நச்சுத் தார் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள், அவையும் வேண்டாம். பொருட்கள் ஏற்றிவரும் மரத் தட்டுகளில் முத்திரை இருக்கும். ஆங்கிலத்தில் எச்.டி. (HT) என்றிருந்தால் வெப்பம் ஊட்டிய மரம், அதை எடுக்கலாம். எம்.பி. (MB) என்றிருந்தால் மெதைல் புரோமைட் வாயு அடித்த மரம், அதை விடுங்கள். ஒட்டுப்பலகையும் அமுக்கிய தூள்பலகையும் கடைசலுக்கு உதவாது.

மரம் காய்ந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எடை போட்டுப் பாருங்கள். சமையலறையில் வைக்கும் டிஜிற்றல் தராசு போதும். துண்டின்மேல் பென்சிலால் நாளையும் எடையையும் எழுதுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். ஒரு கிழமைக்கு எடை குறையாமல் நின்றால் அந்த இடத்தின் காற்றுக்கு மரம் ஒத்துப்போய்விட்டது.

"அந்த இடத்தின் காற்று" என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு மார்கழி மாதம், விடாத மழைக்குள், தேக்கிலும் இறப்பர் மரத்திலும் ஒரு பேனை செய்து கொழும்பில் குளிரூட்டிய அலுவலகத்தில் வேலை செய்யும் என் மருமகனுக்குக் கொடுத்தேன். இரண்டு கிழமையில், "மாமா, பேனை வெடித்துப்போச்சு" என்று படம் அனுப்பினான். நீளவாக்கில் ஒரு பிளவு. மாரியில் ஈரம் குடித்து உப்பியிருந்த மரம் அங்கே காய்ந்து சுருங்கியது. உள்ளே இருக்கும் பித்தளை சுருங்காது. வேறு வழியில்லாமல் மரம் பிளந்தது. மரம் நார் ஓடும் நீளத்தில் ஏறக்குறைய அசைவதே இல்லை, அகலத்தில்தான் உப்பும், சுருங்கும்.

அதன் பிறகு பட்டைகளை ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது அறுத்து, காற்றோட்டமாக அடுக்கி, நன்றாகக் காய்ந்ததும் மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியில் போட்டுவைக்கிறேன். மாரி காலத்துக்கு அந்தப் பெட்டிதான் என் மரக்காலை. வெயிலில் நேராகக் காயவைக்க வேண்டாம், முனை வெடிக்கும்.

ஒட்டுவது எப்படி?

இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் பட்டைகளின் முகம் தட்டையாக வேண்டும். வாள் விட்ட கோடுகளோடு ஒட்டாதீர்கள். சீவுளி பழக்கம் உள்ளவர்கள் சீவலாம். மற்றவர்கள் தடித்த கண்ணாடித் துண்டின்மேல் 120 இலக்க மணல்தாளை ஒட்டி, பட்டையை அதன்மேல் நேராக முன்னும் பின்னும் உரசுங்கள். முகம் முழுவதும் பென்சிலால் கிறுக்கிவிட்டு உரசினால் பள்ளம் எங்கே என்று தெரியும். கிறுக்கல் முழுவதும் அழியும்வரை உரசுங்கள். பிறகு இரண்டு பட்டைகளைச் சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நடுவில் ஒளி ஊடுருவினால் திரும்பவும் கண்ணாடிக்குப் போங்கள். கிளாம்ப் போட்டு இறுக்கினால் சேர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். இறுக்கிச் சேர்த்த இடைவெளி, 0.7 மில்லிமீற்றராகக் கடைந்ததும் திறந்துகொள்ளும்.

எல்லாப் பட்டைகளிலும் நார் ஒரே திசையில், பேனையின் நீளத்தில் ஓட வேண்டும்.

பசைக்கு வெள்ளை அல்லது மஞ்சள் மரப்பசை நல்லது. இரண்டு முகத்திலும் மெல்லியதாக, மரம் மறையுமளவு பூசுங்கள். தேக்கில் எண்ணெய்த்தன்மை உண்டு. அதனால் ஒட்டுவதற்குச் சற்று முன் அசிற்றோன் தொட்ட துணியால் துடைத்து, அது காய்ந்த கையோடு பசை பூச வேண்டும். நாளைக்கு ஒட்டலாம் என்று வைத்தால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும். இரண்டு நேரான மரக்கட்டைகளைப் பொலித்தீனில் சுற்றி, அடுக்கை அவற்றின் நடுவில் வைத்து, மூன்று ஜி கிளாம்ப் போடுங்கள். ஓரத்தில் சிறு மணிகளாகப் பசை பிதுங்கி வந்தால் அளவு சரி. பசை ஆறாக ஓடினால் கூடிவிட்டது, எதுவுமே வராவிட்டால் குறைந்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் கிளாம்ப்பைக் கழற்றலாம். கடைவதற்கு ஒரு முழுநாள் பொறுக்க வேண்டும். ஈரம் கூடிய மாரி நாட்களில் நான் இரண்டு நாள் விடுகிறேன்.

எந்தப் பட்டையை எங்கே வைப்பது என்பதையும் ஒட்டுவதற்கு முன்பே யோசியுங்கள். கட்டை 20 மில்லிமீற்றர் சதுரம். முடிந்த பேனை தடித்த இடத்தில் 10 அல்லது 11 மில்லிமீற்றர்தான். ஆகவே நான்கு பக்கத்திலும் வெளியில் இருக்கும் கிட்டத்தட்ட 5 மில்லிமீற்றர் சுருளாகத் தரையில் விழும். பொத்துவிலில் இருந்து வந்த ஒரு தம்பி, தன்னிடம் இருந்த ஒரே கருங்காலித் துண்டை இரண்டாக அறுத்து வெளிப்பக்கம் இரண்டிலும் ஒட்டியிருந்தான். அத்தனையும் தூளாகப் போயிற்று. அருமையான மரத்தை நடுவில் வையுங்கள். நடுவில் துளை போனாலும் அந்தப் பட்டை பேனையின் இரு பக்கத்திலும் கோடாகத் தெரியும்.

சாய்ந்த கோடு வருமாறு செய்வது எப்படி?

கட்டையைச் சாய்வாக அறுத்து, வெட்டுக்குள் மெல்லிய வேறு நிறப் பட்டையை வைத்து ஒட்டினால் போதும். கடைந்ததும் அது பேனையைச் சுற்றிய நீள்வட்டமாகத் தெரியும். பட்டையின் கனம், வாள் தின்ற அகலத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். கைவாள் ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் தின்னும், மேசை வாள் 3 வரை தின்னும். பட்டை அதைவிடக் கனமானால் வெட்டின் இரு பக்கத்திலும் உள்ள கோடுகள் ஒன்றையொன்று சந்திக்காமல் படியாக விலகும்.

பின்னல் முடிச்சுப்போல வருவதும் இதே வித்தைதான். நாலு பக்கத்திலும் ஒரே இடத்தில், ஒரே சாய்வில், ஒவ்வொரு தடவையும் கட்டையைக் கால்வட்டம் திருப்பி, முழுவதும் துண்டாகாமல் அறுத்து ஒட்ட வேண்டும். நாலு வெட்டு, நாலு தடவை பசை, நாலு நாள். முதலில் ஒரு சாய்கோட்டைச் சுத்தமாகப் போட்டுப் பழகுங்கள்.

துளையிடும்போது கட்டை வெடிக்கிறது. ஏன்?

பெரும்பாலும் சூட்டினால். மரப்பசை சூடானால் இளகும். துளையாணி தூளை வெளியே தள்ள முடியாமல் உள்ளேயே உரசிச் சூடேறினால், நீங்கள் ஒரு நாள் காத்திருந்து ஒட்டியது நொடியில் விட்டுவிடும். 7 மில்லிமீற்றர் துளையாணி புதிதாக, கூராக இருக்கட்டும். வேகத்தைக் குறையுங்கள். ஒரு சென்ரிமீற்றர் போனதும் வெளியே எடுத்துத் தூளைத் தட்டுங்கள், பிறகு மறுபடி போங்கள். மணம் வந்தால் நிறுத்துங்கள்.

மறுமுனையில் வெளியேறும் இடத்திலும் வெடிக்கும். அதற்குக் கட்டையைத் தேவையைவிட ஒரு சென்ரிமீற்றர் கூடுதல் நீளமாக வைத்து, துளை வெளியே வருவதற்கு முன்பே நிறுத்தி, அந்த முனையை அறுத்து எறிந்துவிடுங்கள். துளை தானாகத் திறக்கும். பேனையின் மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்குமாகக் கட்டையை இரண்டாக அறுப்பதற்கு முன், வெட்டும் இடத்துக்குக் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு இழுக்க மறக்காதீர்கள். மேல்பாதி, கீழ்ப்பாதி எது, எந்தப் பக்கம் எதோடு சேரும் என்பதை அந்தக் கோடு சொல்லும்.

பித்தளைக் குழாயின் வெளிப்பக்கத்தை மணல்தாளால் கீறி, அரல்டைட் போன்ற, இரண்டைக் கலந்து பூசும் பசையைத் தடவி, சுழற்றிக்கொண்டே உள்ளே தள்ளுங்கள். குழாய்க்குள் பசை போகாமலிருக்க, முனையை ஓர் உருளைக்கிழங்குச் சீவலில் அழுத்தினால் அது மூடிபோல அடைத்துக்கொள்ளும். காய்ந்ததும் குத்தி எடுத்துவிடலாம். பிறகு இரு முனைகளையும் பித்தளை பளிச்சிடும்வரை செங்கோணத்தில் உரசுங்கள். அங்கே சாய்வு இருந்தால் முடிந்த பேனையில் மரத்துக்கும் உலோகத்துக்கும் இடையில் இடைவெளி தெரியும்.

என்னிடம் லேத் இல்லை. முடியுமா?

முடியும். என் முதல் எட்டுப் பேனைகளும் கை ட்றில்லில் செய்தவைதான். 6 மில்லிமீற்றர் மரைத்தண்டு ஒன்றில் கட்டையைக் கோர்த்து, தண்டு குழாயின் நடுவில் நிற்குமாறு இரு பக்கமும் வளையம் வைத்து நட்டால் இறுக்குங்கள். ட்றில்லை மேசையோடு அசையாமல் பிணையுங்கள். தண்டின் மறுமுனை ஒரு மரக்கட்டையில் இட்ட துளைக்குள் சுழலட்டும், அந்தத் தாங்கல் இல்லாமல் ஓட்டவே கூடாது. கட்டையின் நாலு மூலையையும் முன்கூட்டியே சீவி எண்கோணமாக்குங்கள். பிறகு அரத்தாலும் 80 இலக்க மணல்தாளாலும் தேய்த்து உருட்டுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் அழகாக வரும்.

லேத்திலோ ட்றில்லிலோ நிற்கும்போது கண்ணாடி போடுங்கள். கையுறை போடாதீர்கள், சுழலும் தண்டு அதைப் பிடித்துக் கையையும் இழுக்கும். சாரம், துப்பட்டா, கையில் கட்டிய நூல், விரித்த கூந்தல் எதுவும் அருகில் தொங்கக் கூடாது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

கறுப்பு மரத்தின் தூள் வெள்ளை மரத்தில் படிந்து அழுக்காகிவிட்டது. என்ன செய்யலாம்?

மணல்தாளைக் குறைத்து உளியை நம்புங்கள். கூரான உளியால் இறுதி அளவுக்கு மிக அருகில்வரை வெட்டினால் உரசவேண்டியது கொஞ்சம்தான். உரசுவதற்கு முன் மெல்லிய சூப்பர் குளூவை ஒரு தடவை பூசிக் காயவிட்டால் வெளிர் மரத்தின் துவாரங்கள் அடைபடும். பிறகு 240, 400, 600 என்று போங்கள். ஒவ்வோர் இலக்கத்துக்கும் பிறகு சுழற்சியை நிறுத்தி, நீளவாக்கில் நாலு தடவை தேய்த்து, தூளை ஊதிவிடுங்கள். ஈரத் துணியால் துடைத்தால் கறுப்பு இன்னும் உள்ளே இறங்கும்.

மேலே தேங்காய் எண்ணெய் பூசலாமா?

வேண்டாம். அது காயாத எண்ணெய். அன்றைக்கு மினுங்கும், பிறகு கைபட்டு அழுக்கேறி, மணக்கத் தொடங்கும். ஆளிவிதை எண்ணெய் காயும், ஆனால் வியர்க்கும் கைக்கு அது மட்டும் போதாது. அரக்குப் பொலிஷ் மிக அழகு, சில மாதங்களில் விரல் படும் இடம் மங்கும். நம் ஊர் வெக்கைக்கும் வியர்வைக்கும் சூப்பர் குளூவையே எட்டுப் பத்து மெல்லிய படையாகப் பூசி மெருகூட்டுவதுதான் நிலைக்கிறது. ரிஷூ காகிதத்தால் பூசுங்கள். பருத்தித் துணியால் பூசாதீர்கள். பருத்தியில் அந்தப் பசை பட்டால் சட்டென்று சூடேறிப் புகையும், கை சுடும். யன்னலைத் திறந்து வையுங்கள், புகை கண்ணைக் கரிக்கும்.

பேனைக் கிட் எங்கே வாங்குவது?

இந்தப் பக்கத்து ஹார்ட்வெயார் கடைகளில் நான் கண்டதில்லை, இணையத்தில்தான் தருவிக்கிறேன். ஐந்தாகவோ பத்தாகவோ சேர்த்து எடுத்தால் கூலி தாங்கும். கட்டையில் துளையிடுவதற்கு முன் கிட் கையில் இருக்கட்டும், குழாயை அளந்த பிறகே துளையாணியைத் தெரிவுசெய்யுங்கள். கடற்கரைக் காற்றில் மலிவான முலாம் சீக்கிரம் கறுக்கும், ஒரு படி கூடிய தரத்தை வாங்குவது நல்லது.

காட்டில் விழுந்த மரத்தை எடுத்துவரலாமா?

வேண்டாம். மரம் வெட்டவும் ஏற்றிச்செல்லவும் அனுமதிப்பத்திரம் கேட்கப்படும், கருங்காலி போன்றவை பாதுகாக்கப்பட்ட மரங்கள். பட்டறைத் துண்டே ஒருவருக்கு ஆயுள் முழுவதும் போதும்.

அம்மம்மாவின் பழைய உரலில் ஒரு துண்டு இருக்கிறது. அதில் செய்து தருவீர்களா?

இப்படிக் கேட்டு வருபவர்களுக்கு நேரம் ஒதுக்கி, அவர்களையே பக்கத்தில் வைத்துச் செய்கிறேன். கடல் கொண்டுபோன வீட்டின் யன்னல் சட்டத்தை இருபது வருடம் வைத்திருந்து கொண்டுவந்தவர்களும் உண்டு. பழைய மரத்தில் முதலில் ஆணி தேடுங்கள். ஒரு காந்தத்தை மேலே ஓட்டினால் பிடித்துக்கொள்ளும். வெளிப்புறத்தில் உப்பும் மண்ணும் ஏறியிருக்கும், அதை வாளால் அறுத்து ஒதுக்கி உள்மரத்தை மட்டும் எடுங்கள். உளுத்துப் பொருபொருவென்று இருந்தால் முழுப் பேனையாக்க வேண்டாம். உறுதியான தேக்குக்கு நடுவில் 2 மில்லிமீற்றர் பட்டையாக வையுங்கள். சூப்பர் குளூ ஊறியதும் அதுவும் உறுதியாகிவிடும். அடுக்குப் பேனையின் மேல் எனக்குப் பிடிப்பு வந்ததே இதனால்தான்: தனியாக நிற்க முடியாத மரமும் நல்ல துணையோடு நிற்கும்.

செய்து முடித்த பேனையில் மயிர்போல ஒரு பிளவு தெரிகிறது. எறிந்துவிடவா?

எறியாதீர்கள். பிளவு இன்னும் விரிகிறதா என்று ஒரு கிழமை பாருங்கள். நின்றுவிட்டதென்றால், அதே மரத்தின் நுண்தூளைப் பிளவில் அழுத்தி, மெல்லிய சூப்பர் குளூ ஒரு துளி விடுங்கள். காய்ந்ததும் 600 இலக்கத்தால் தேய்த்து, மேலே இரண்டு படை பூசுங்கள். ஒட்டுக்கோட்டிலேயே பிரிந்திருந்தால் தூள் வேண்டாம், பசை மட்டும் தானாக உள்ளே இழுபடும். உடனே நூலால் நெருக்கிச் சுற்றி ஓர் இரவு விடுங்கள். நூல் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க இடையில் ஒரு துண்டுப் பொலித்தீன் வையுங்கள். மருமகனின் பேனையை இப்படித்தான் சரிசெய்து கொடுத்தேன். இன்னும் அதில்தான் எழுதுகிறான்.